பீரிலிருந்து ஒயினுக்கு: வாசகர் கேள்வி – பதில்

பீர் பழகியவர்கள் ஒயினை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். சட்டப்படி அருந்தும் வயதை எட்டியவர்களுக்கானது இப்பகுதி.

பெங்களூரு வாசகர்: எனக்கு வயது முப்பத்தைந்து. கல்லூரி முடித்த நாளிலிருந்து பீர் மட்டுமே அருந்தி வருகிறேன். இங்குள்ள மைக்ரோபுரூவரி எனப்படும் சிறு பீர் ஆலைகளில் கிடைக்கும் கோதுமை பீரும், சில மாலைகளில் ஐ.பி.ஏ. என்னும் கசப்பு மிகுந்த பீரும் எனக்குப் பிடித்தவை. அண்மையில் ஓர் அலுவலக விருந்தில் கேபர்னே சாவின்யோன் என்னும் சிவப்பு ஒயினைக் கொடுத்தார்கள். வாய் வறண்டு துவர்த்ததே தவிர, அதில் என்ன இன்பம் என்று எனக்குப் புரியவில்லை. ஒயின் எனக்கு ஒத்துவராதா? வருமென்றால் நான் வாங்க வேண்டிய முதல் பாட்டில் எது?

பதில்: ஒத்துவராது என்று முடிவுகட்ட அந்த ஒரு கோப்பை போதாது. புதிதாக வருபவருக்குக் கடைசியில் கொடுக்க வேண்டியதை விருந்தளித்தவர்கள் முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். கேபர்னே சாவின்யோன் திராட்சை உருவில் சிறியது, தோல் தடித்தது. ஆகவே சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் அதில் தோலும் விதையும் அதிகம். சிவப்பு ஒயின் தயாரிக்கையில் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுவதால், அவற்றிலுள்ள டானின் என்னும் பொருள் ஒயினில் இறங்கிவிடுகிறது. அது உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து வாயின் வழவழப்பைப் போக்குகிறது. நாவற்பழம் நாலைந்து தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே உணர்வுதான் இதுவும். பீரில் ஹாப்ஸ் என்னும் பூ தரும் கசப்பு உண்டு, ஆனால் இந்தத் துவர்ப்பு மிகக் குறைவு. இருக்கிற கசப்பையும் முளைகட்டிய தானியமான மால்ட்டின் மெல்லிய இனிப்பும் வாயுவும் மட்டுப்படுத்திவிடுகின்றன. ஆக, இத்தனை ஆண்டுகளில் உங்கள் நாக்கு கசப்புக்குப் பழகியிருக்கிறதே தவிர, துவர்ப்புக்குப் பழகவில்லை.

எனவே "நல்ல ஒயின் எது" என்று கேட்பதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, "எந்தப் பீர், எதற்காகப் பிடிக்கிறது" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கோதுமை பீரை எடுத்துக்கொள்வோம். பவேரிய முறையில் செய்ததானால் அதில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் இருக்கும். பழமோ கிராம்போ எதுவும் சேர்ப்பதில்லை, ஈஸ்ட் நொதிக்கும்போதே அவை உண்டாகின்றன. பெல்ஜிய முறையில் செய்ததானால் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் கசப்பு குறைவு, வாசம் அதிகம். இதை விரும்புகிற ஒருவருக்குப் பொருந்துவது தோலை நீக்கி நொதிக்கவிட்ட, வாசமுள்ள வெள்ளை ஒயின். இந்தியக் கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றுள் நான் சொல்லக்கூடியது நாசிக் பகுதியின் ஷெனின் பிளாங். பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இந்தத் திராட்சையையும் சாவின்யோன் பிளாங்கையும் கொண்டுதான் நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. நாசிக் ஷெனினில் பெரும்பாலும் சிறிது இனிப்பை விட்டுவைப்பார்கள். ஒயின் அறிந்தவர்கள் சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், ஆனால் பீரிலிருந்து வருபவருக்கு அந்த இனிப்புதான் கைப்பிடி. உங்கள் முதல் பாட்டில் அதுவாக இருக்கட்டும்.

ஐ.பி.ஏ. பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாம் பாட்டிலைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. புதிய வகை ஐ.பி.ஏ.க்களில் கொய்யா, பேஷன் பழம், பம்பளிமாஸ் போன்ற வாசங்களைத் தருவன தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். அதே குடும்பச் சேர்மங்கள்தாம் சாவின்யோன் பிளாங் ஒயினுக்கும் வாசம் தருகின்றன. இந்த உறவு மிக வெளிப்படையானது என்பதால், நியூசிலாந்தில் உருவாக்கி 2000-இல் வெளியிட்ட ஒரு ஹாப்ஸ் வகைக்கு அந்த ஒயினை நினைத்தே நெல்சன் சாவின் என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சாவின்யோன் பிளாங்கில் இந்த வாசம் தூக்கலாக இருக்கும். இறக்குமதி ஒயினின் விலை கையைக் கடிக்கும் என்றால், நாசிக்கிலும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நந்தி மலைப் பகுதியிலும் செய்யப்படுபவற்றை வாங்கலாம். அவற்றில் பச்சைமிளகாய், அறுத்த புல் போன்ற வாசங்கள் சற்று முன்னே நிற்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பீரில் கசப்பு இருந்த இடத்தில் ஒயினில் புளிப்பு இருக்கும். பீரின் அமிலக் குறியீடு (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பொதுவாக 4-க்குச் சற்று மேல். வெள்ளை ஒயினுடையது 3-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்கும். முதல் மிடறு கூர்மையாகத் தெரிவது அதனால்தான். அந்த மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உப்பும் எண்ணெயும் உள்ள ஏதாவதொன்றை, வறுத்த மீனையோ முந்திரிப் பக்கோடாவையோ, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் மிடறை அருந்திப் பாருங்கள். அதே புளிப்பு அப்போது வாயைத் துடைத்துவிட்டது போல இருக்கும். புளி ஊற்றிச் சமைத்த சோற்றில் வளர்ந்த நமக்கு இது அயலான சுவையே அல்ல.

சிவப்பு ஒயினுக்கு அவசரம் வேண்டாம். ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயினை இடையில் ஒரு படியாக வைத்துக்கொண்டு, அதன்பின் டானின் குறைந்த சிவப்பு ஒயினுக்குப் போகலாம். பிரான்ஸின் போஜொலே பகுதியில் கமே திராட்சையைக் கொண்டு செய்யும் ஒயின் அதற்குத் தோதானது. அங்கே திராட்சையை நசுக்காமல் முழுக் குலையாகவே தொட்டியில் இட்டு, கரியமில வாயு சூழ்ந்த நிலையில் பழத்துக்குள்ளேயே நொதித்தலைத் தொடங்கச் செய்வதால் நிறமும் பழவாசமும் இறங்குகின்றன, துவர்ப்பு அந்த அளவுக்கு இறங்குவதில்லை. இதே கமேயைத் தன் நாட்டிலிருந்து வேரோடு பிடுங்கி எறியும்படி 1395-இல் பர்கண்டியின் கோமகன் துணிவுள்ள பிலிப் ஆணையிட்டார் என்பது வரலாறு. தெற்கே தள்ளப்பட்டது அந்தத் திராட்சைக்கு நல்லதாகவே முடிந்தது.

கோயம்புத்தூர் வாசகர்: எனக்கு வாசம், பழம், கிராம்பு என்றெல்லாம் எதுவும் தெரியாது. நன்கு குளிர்ந்த, நுரை பொங்கும் சாதாரண லாகர் பீர்தான் என் பானம். குளிர்ச்சியும் நுரையும் இல்லாத எதையும் என்னால் ரசிக்க முடிவதில்லை. எனக்கும் ஒயினுக்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: உங்களுக்குத்தான் வழி மிகவும் நேரானது: வாயு நிறைந்த ஒயினை வாங்குங்கள். இத்தாலியின் வடகிழக்கில் கிளேரா திராட்சையிலிருந்து செய்யும் புரோசெக்கோவில் இரண்டாம் நொதித்தல் பெரிய அழுத்தத் தொட்டிகளில் நடக்கிறது. அதனால் ஈஸ்டின் ரொட்டி வாசம் அதிகம் சேராமல் ஆப்பிள், பேரிக்காய் வாசத்தோடு இலகுவாக இருக்கும். ஷாம்பெய்ன் முறையில், அதாவது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டுச் செய்வனவும் இந்தியாவில் உண்டு. ஷாம்பெய்ன் தொழிலில் உள்ள மோயே ஹென்னஸி நிறுவனம் நாசிக் மாவட்டத்தின் திண்டோரியில் ஆலை அமைத்து 2013 முதல் ஷாண்டோன் என்ற பெயரில் விற்கிறது. சுலாவும் இவ்வகையில் ஒன்றைச் செய்கிறது. இவற்றைவிட எளிமையானது போர்ச்சுகலின் வடபகுதியிலிருந்து வரும் வின்யோ வெர்தே. அதில் ஆல்கஹால் குறைவு, வாயு நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருக்கும்; கிடைத்தால் விடாதீர்கள்.

லேபிளில் ஒரு பொறி உண்டு. 'புரூட்' என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று எழுதியிருந்தால் பெயருக்கு மாறாக அதைவிட இனிப்பானது, 12 முதல் 17 கிராம் வரை இருக்கும். திறக்கும்போது பீர் பாட்டிலைப் போல நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஐந்து, ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கும் என்பதால், நன்றாகக் குளிரவைத்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் பற்றிக்கொண்டு பாட்டிலைத் திருக வேண்டும். விருந்துகளில் கார்க்கைச் சத்தத்தோடு பறக்கவிடுவது வீண் வேடிக்கை. கண் போனவர்கள் உண்டு.

சென்னை வாசகி: சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது, அறையின் வெப்பநிலையில்தான் அருந்த வேண்டும் என்று என் கணவரின் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி அருந்தினால் மருந்து போலிருக்கிறது. பீரைப் போலக் குளிரவைத்தால் தவறா?

பதில்: அந்த விதி உருவான ஐரோப்பிய வீடுகளின் அறை 16 முதல் 18 பாகை செல்சியஸ், சென்னையில் மே மாத அறை 33 பாகை. அந்த வெப்பத்தில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசம் மழுங்கிவிடும். உங்களுக்கு மருந்து போலத் தெரிந்தது சரியான கணிப்பே. சிவப்பு ஒயினை அருந்துவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இலகுவான சிவப்பானால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குளிரலாம். வெள்ளைக்கும் ரோஸேக்கும் 8 முதல் 12 பாகை, வாயுள்ளவற்றுக்கு 6 முதல் 8 பாகை போதும். பீரைப் போல உறையும் அளவுக்கு எதையும் குளிரவைக்க வேண்டாம்: வாசம் அடங்கிவிடும், சிவப்பில் துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்; மேலே காலியாக விடும் இடம் வாசம் தங்குவதற்கானது. விலையுயர்ந்த கோப்பைகள் எதுவும் இப்போதைக்கு வேண்டியதில்லை.

ஸ்காபரோ வாசகர், கனடா: இங்கே எல்.சி.பி.ஓ. என்னும் அரசு மதுக்கடைக்குள் போனால் தலை சுற்றுகிறது. வீட்டில் நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் உறைப்பாகச் சமைப்போம். அதோடு இவ்வளவு காலமும் பீர்தான். உறைப்புக்கு ஏற்ற ஒயின் உண்டா? லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உறைப்புச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிவு கூடும். டானின் அதே எரிவின்மேல் இன்னும் உரசும். சிறிது சர்க்கரை இருந்தால் எரிவு தணியும். எனவே 14 சதவீதச் சிவப்பு ஒயினை நண்டுக் கறியின் பக்கத்தில் வைப்பது இரண்டையும் கெடுப்பதாகும். உங்களுக்கு ஏற்றது ரீஸ்லிங். நீங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலேயே, நயாகரா பகுதியில், அது நன்றாக விளைகிறது, பாட்டிலில் வி.கியூ.ஏ. என்ற முத்திரை இருந்தால் அந்த மாகாணத்துத் திராட்சையிலிருந்தே செய்தது என்று பொருள். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் 'கபினெட்' என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் 8 அல்லது 9 சதவீத ஆல்கஹாலோடு, இளம் இனிப்போடும் கூரிய புளிப்போடும் இருக்கும். அந்தப் புளிப்பு கறிக்கு எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்யும்.

லேபிளைப் படிக்கும் தொல்லையில் பாதியை எல்.சி.பி.ஓ. உங்களுக்குக் குறைத்துவிட்டது. ஒவ்வொரு ஒயினிலும் லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதை அவர்கள் தங்கள் இணையதளத்தில் தருகிறார்கள். உறைப்புக் கறிக்கு 15 முதல் 35 கிராம் வரை உள்ள ரீஸ்லிங்கைத் தேர்ந்தெடுங்கள். புளிப்பு ஈடுகொடுப்பதால் அது திகட்டாது. உறவினர்கள் பரிசாகத் தரும் ஐஸ் ஒயினை இதற்கென்று திறந்துவிட வேண்டாம். கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பிழிந்து எடுக்கும் அது தேன் போன்ற இனிப்பு; சாப்பாட்டுக்குப் பின் சிறு கிண்ணத்தில் அருந்த வேண்டியது. மூடி கார்க்கா, திருகு மூடியா என்பதையும் பொருட்படுத்தாதீர்கள். நியூசிலாந்தின் நல்ல ஒயின்களே பெரும்பாலும் திருகு மூடியோடுதான் வருகின்றன. ஈர அட்டைப்பெட்டி நாற்றத்தை ஒயினுக்கு ஏற்றிவிடும் கார்க்கின் தொல்லையும் அதில் இல்லை.

சிங்கப்பூர் வாசகர்: நான் கறுப்பு ஸ்டவுட் அருந்துபவன். புதியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் வெள்ளை ஒயின்கள் எல்லாம் எனக்குத் தண்ணீர் போலத் தெரிகின்றன. நேராகச் சிவப்புக்குப் போகலாமா?

பதில்: போகலாம், நான் சொல்லும் வரிசைக்கு விலக்கு நீங்கள்தான். ஸ்டவுட்டின் கருமை வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, காப்பியும் கசப்புச் சாக்லேட்டும் கலந்த அந்தச் சுவை உங்களுக்குப் பழகிவிட்டது. உட்புறம் தீயில் வாட்டிய ஓக் பீப்பாயில் வைத்திருந்த ஷிராஸ் ஒயினில் அதற்கு நெருங்கிய வாசங்கள் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸில் பழம் கனிந்து, துவர்ப்பு உருண்டு இருக்கும்; குளிரான பகுதிகளின் ஷிராஸில் மிளகு வாசம் எழும். அது கற்பனை அன்று: மிளகுக்கு வாசம் தரும் ரோட்டன்டோன் என்ற சேர்மமே அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆட்டிறைச்சி வறுவலோடு அருந்திப் பாருங்கள். இனிப்பான ஸ்டவுட் பிடிக்குமென்றால், போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யும் ரூபி போர்ட்டை உணவுக்குப் பின் சிறிது அருந்தலாம். நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்துவதால் அதில் இனிப்பும் மிஞ்சும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இந்தியாவில் போர்ட் என்ற பெயரில் விற்கும் மலிவான இனிப்பு ஒயின்களை வைத்து இதை எடைபோட வேண்டாம்.

உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் ஒயினின் மீதான தீர்வை அதன் விலையைப் பொறுத்ததன்று. உள்ளிருக்கும் ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி. 13 சதவீத ஒயின் பாட்டில் ஒன்றுக்கு அது எட்டரை வெள்ளி ஆகிறது. மிக மலிவான பாட்டிலை வாங்கினால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி தீர்வைக்கே போய்விடும். பத்து வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் அந்தப் பத்தில் பெரும்பங்கு ஒயினுக்குச் சேரும்.

திருச்சி வாசகர்: பீருக்குப் பதில் ஒயின் அருந்தினால் உடம்புக்கு நல்லது, தொப்பை வராது என்கிறார்களே? ஒரு பாட்டில் பீருக்கு எவ்வளவு ஒயின் சமம்?

பதில்: உடல்நலத்துக்காக மாறுவதாக இருந்தால் மாற வேண்டாம். ஆல்கஹாலில் ஆபத்தற்ற அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒயினுக்கு அதில் விலக்கு இல்லை. கணக்கு இதுதான்: 5 சதவீதப் பீர் 650 மி.லி. பாட்டிலில் 32.5 மி.லி. ஆல்கஹால், 8 சதவீத ஸ்டிராங் பீரானால் 52 மி.லி. 12.5 சதவீத ஒயின் 750 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 94 மி.லி. அதாவது ஒரு பாட்டில் ஒயினைத் தனியாளாக முடிப்பது, மூன்று பெரிய பாட்டில் சாதாரண பீரை முடிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். பீர் குடித்துப் பழகியவர்கள் தடுமாறும் இடமும் இதுவே: தாகத்துக்கு மடமடவென்று விழுங்கும் பழக்கத்தை ஒயினுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரை வைத்துத் தாகத்தை அதில் தீர்த்துக்கொள்ளுங்கள், 150 மி.லி. கோப்பை ஒன்று, மிஞ்சினால் இரண்டு, ஒரு வேளை உணவுக்கு ஏராளம். மீதமுள்ளதை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெள்ளையும் சிவப்பும் மூன்று நாள் தாங்கும். தொப்பையைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், உடன் வைத்துக்கொள்ளும் வறுவலைக் கேளுங்கள்.

தேனி மாவட்ட வாசகி: எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு உள்ள வாசத்தோடு ஒயின் ஏதும் உண்டா? நானும் என் கணவரும் எப்போதாவது பீர் அருந்துவோம், இனிப்பு எனக்குப் பிடிக்கும்.

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. அது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவையும் ஸ்கியாவா குரோசா என்ற கறுப்புத் திராட்சையையும் கலந்து பிறந்தது. அந்த அலெக்சாண்ட்ரியாவோ சிறுமணி வெள்ளை மஸ்கட்டின் பிள்ளை. ஆக, நீங்கள் கேட்கும் வாசத்தின் பாட்டி அந்த வெள்ளை மஸ்கட். அதிலிருந்துதான் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் மோஸ்கட்டோ தாஸ்தி என்ற ஒயினைச் செய்கிறார்கள். ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அதாவது பீரின் அளவுதான். மெல்லிய வாயு உண்டு, நல்ல இனிப்பு உண்டு, பன்னீரும் ஆரஞ்சுப் பூவும் கலந்த வாசம் உண்டு. மஸ்கட்டின் இந்த மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற சேர்மத்தினுடையது. நாம் அரைக்கும் கொத்தமல்லி விதையின் வாசமும் அதுவே.

வாங்கும்போது 'மோஸ்கட்டோ' என்று மட்டும் எழுதியிருப்பதை எடுக்காமல், 'தாஸ்தி', அதாவது 'அஸ்தி ஊரின்' என்ற சொல்லும் சேர்ந்திருப்பதைத் தேடுங்கள். பாட்டிலில் ஆண்டு குறிப்பிட்டிருந்தால் மிக அண்மையதையே வாங்குங்கள். இது வைத்திருந்து அருந்தும் ஒயின் அன்று, நாளாக நாளாக வாசம் போய்விடும். நன்றாகக் குளிரவைத்து, திறந்த அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள். மாம்பழத்தோடும் கேசரியோடும் நன்றாகச் சேரும். இனிப்பு அவருக்கு ஒத்துவராவிட்டால், கோவை வாசகருக்குச் சொன்ன புரோசெக்கோவை உங்கள் கணவருக்குத் தனியே வாங்கிக்கொள்ளலாம்.